பூசணிக்காய் தின்ற மௌனி

மலை நகரமான அல்மோடாவின் லாலா பஜாரில் கிர்தாரி லால் ஷாவின் மிட்டாய்க் கடைக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று, பால் மிட்டாய். இன்னொன்று, கடை வாசல் பெஞ்சில் வெயில் விழுந்ததும் வந்து உட்கார்ந்துவிடும் பத்மாதத் லோஹனி. அந்த மலைக் கிராமங்களில் போலீஸ் கிடையாது. நிலம் அளக்கும் பட்வாரிதான் திருடனையும் பிடிக்க வேண்டும். தலை நரைக்கும்வரை அந்த வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவர் லோஹனி. அவர் வேலையை விட்டாலும் வேலை அவரை விடவில்லை. பெஞ்சைத் தேடிச் சிக்கல்கள் வந்துகொண்டே இருந்தன. வந்தவர்களுக்கு டீ ஆற்றிக் கொடுத்துக் கொடுத்தே கிர்தாரி தன்னைத் துணைத் துப்பறிவாளராக நியமித்துக்கொண்டார். சம்பளம் இல்லாத உத்தியோகம், ஆனாலும் உற்சாகத்தில் அவர் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

அன்று வந்தவள் ஹன்சா. லாரி ஓட்டும் குஷால் சிங் போராவின் மனைவி. நெற்றியில் குங்குமமும் அட்சதையும், கைநிறையச் சிவப்பு வளையலும், கழுத்தில் கருகமணியுமாகக் கல்யாண வீட்டுக்காரிக்கு உரிய லட்சணத்தோடு இருந்தாள். கண் மட்டும் நாலு நாள் தூங்காத கண்.

"குஷால் வந்துட்டானாம்மா?" என்றார் லோஹனி.

"இல்லைங்க ஐயா. வெள்ளிக்கிழமை கமலிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ராணுவத்துல இருக்கார். இந்த லீவை விட்டா அடுத்த லீவு எப்பன்னு அவருக்கே தெரியாது. நீங்க ஒரு தடவை வரணும். குடிலைப் பாருங்க, வீட்டைப் பாருங்க. உங்க கண்ணுக்கு என்ன படுதோ அதை எனக்குச் சொல்லணும்."

விஷயம் பஜார் முழுக்கத் தெரிந்ததுதான். குஷால் சிங் வாய் ஓயாத மனிதர். எதிரே வரும் லாரியை நிறுத்தி நலம் விசாரித்து, பின்னால் வரிசையாகப் பத்து வண்டிகளைக் காக்க வைப்பவர். அவர் காசார் தேவி மேட்டுக்கு அப்பால், தியானத்துக்கு வாடகைக்கு விடும் கல் குடில் ஒன்றில் மூன்று வாரம் மௌனம் இருக்கப் போகிறேன் என்றபோது, ஹாரனே விரதம் எடுத்துவிட்டது என்று பஜார் சிரித்தது. தம்பி துங்கர் சிங் தினமும் உச்சிவேளையில் சாப்பாடு கொண்டுபோய் ஜன்னல் திண்டில் வைப்பான். முந்தைய நாள் தட்டை எடுத்து வருவான். விரதம் முடிந்த அன்று கதவைத் திறந்தால் உள்ளே ஆள் இல்லை. பசுபதிநாத் போகிற சாமியார்களோடு அண்ணன் கிளம்பிவிட்டார், கல்யாணத்துக்குள் வந்துவிடுவார் என்று துங்கர் சொன்னான். பக்கத்துக் குடிலில் இருந்த ஹாலந்துக்காரி அன்னாவும் நடுவில் காலி செய்துகொண்டு போயிருந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

"சாப்பாடெல்லாம் ஒழுங்கா சாப்பிட்டானா?" என்று லோஹனி கேட்டார்.

ஹன்சா லேசாகச் சிரித்தாள். "முதல்ல பாதிக்குப் பாதி மிச்சம் வந்துச்சு. அப்புறம் தட்டு பளிச்சுன்னு வர ஆரம்பிச்சுது. பூசணிக்காய்கூட. கல்யாணம் ஆன நாள்லருந்து பூசணிக்காயைத் தட்டு ஓரத்துல ஒதுக்கி வைக்கிற மனுஷன் ஐயா அவர். அப்புறம் நான் தினமும் பூசணிக்காயே வச்சு அனுப்பினேன். ஒரு துண்டு திரும்பி வரல."

"தவத்துல நாக்கு மாறிப்போச்சு," என்று கிர்தாரி சிரித்தார். லோஹனி சிரிக்கவில்லை.

"இன்னொண்ணு," என்றாள் அவள். "அப்பா இல்லைன்னா சித்தப்பாதானே கன்னிகாதானம் பண்ணணும்? துங்கர் மாட்டேங்கறார். அண்ணன் வந்துடுவார், நான் எப்படி உக்காருவேன்னு அதையே சொல்றார். மாப்பிள்ளை வீட்டுல கேட்டா நான் என்ன சொல்ல?"

அவள் போன திசையைப் பார்த்துக்கொண்டே கிர்தாரி சொன்னார்: "ஐயா, இதுல துப்புத் துலக்க என்ன இருக்கு? அந்த வெள்ளைக்காரிதான்."

"டீக்கடையைக் கடைப் பையன் ராம்லாலுகிட்ட சொல்லிட்டு வா. நடக்கணும்," என்றார் லோஹனி.

"டீக்கடை இல்லை ஐயா. மிட்டாய்க் கடை."

பைன் மரங்களுக்கு நடுவே ஏறினார்கள். புராஞ்ச் பூக்கள் பாதையெல்லாம் சிவப்பாக உதிர்ந்து கிடந்தன. மேட்டுக்குப் போனபோது உச்சிவேளை ஆகிவிட்டது. குடில் வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. முதுகில் சொறி, வயிறு மட்டும் கல்யாண வீட்டுச் சமையல்காரனுடையது. ஆட்களைக் கண்டதும் எழுந்து வந்து லோஹனியின் கையை முகர்ந்தது. கை வெறுமையாக இருந்ததால் அவரை விட்டுவிட்டு ஜன்னலுக்குக் கீழே போய், திண்டை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்துகொண்டது.

உள்ளே பாயும் கம்பளியும் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மூலையில் ஒரு ஜோடி கனத்த பூட்ஸ். வலது பூட்ஸின் குதிகால் மட்டும் தேய்ந்திருந்தது, ஆயுள் முழுக்க லாரியின் ஆக்சிலேட்டரை மிதித்த கால்.

"இது குஷாலோடது," என்றார் கிர்தாரி. "அவசரத்துல விட்டுட்டு ஓடிட்டான்."

"வெறுங்காலோடயா? நேபாளத்துக்கா? ஒரு பொம்பளையோட ஓடறவன் புது பூட்ஸ் வாங்கிப் போட்டுக்கிட்டு ஓடுவான்டா."

குடிலின் பின்புறம் சுவரோரம் மழைக்குத் தகரம் வேய்ந்திருந்தது. குளிர்காலத்துக்கான விறகு அடுக்கும் இடம். அடுக்கு இருந்த தடம் ஆள் நீளத்துக்கு மேல் இருந்தது. இப்போது அங்கே சிராய்களும் பட்டையும்தான் மிச்சம். குளிர் போன பிறகு அவ்வளவு விறகை எரிக்க யாருக்கும் அவசியம் இல்லை. லோஹனி குனிந்து ஒரு பட்டையை எடுத்துப் பார்த்தார். பிறகு, கீழே ஓடைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இறங்கவில்லை.

"கீழ போய்ப் பார்த்துட்டு வரட்டா?" என்றார் கிர்தாரி.

"வேண்டாம். வீட்டுக்குப் போவோம்."

போரா வீட்டு முற்றத்தில் பெண்கள் செம்மண் மெழுகி அரிசி மாவில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வருகிற போகிறவர் நெற்றியில் எல்லாம் ஒரு அத்தை குங்குமமும் அட்சதையும் அப்பிக்கொண்டிருந்தாள். லோஹனிக்கு வைத்தாள், கிர்தாரிக்கு மூக்குவரை வைத்தாள். அரிசி மூட்டையோடு உள்ளே வந்த துங்கர் சிங்கைப் பார்த்து, "ஏய் மொட்டை, உன் நெத்தி என்ன பாலைவனமா? வா இங்க," என்றாள். துங்கர் மூட்டையை இறக்கிவிட்டு, "கை அழுக்கா இருக்கு அத்தை, அப்புறம்," என்று மாட்டுக் கொட்டில் பக்கம் போய்விட்டான். குங்குமத்தை வாங்குவது நெற்றி. கை அழுக்கானால் அதற்கென்ன என்று கிர்தாரிக்கு அப்போது தோன்றவில்லை.

லோஹனி மெல்லப் பின்னால் போனார். கொட்டிலின் ஓரத்தில் மூன்று கல் அடுப்பும், ஒரு சிறு பித்தளைப் பானையும் இருந்தன. வீட்டு அடுப்பில் நாற்பது பேருக்குச் சமையல் கொதித்துக்கொண்டிருக்க, துங்கர் தனக்கு மட்டும் ஒரு பிடி அரிசியைத் தனியே பொங்கிக்கொண்டிருந்தான். தொப்பியைக் கழற்றியிருந்தான். தலையிலும் மேலுதட்டிலும் மயிர் முள் முள்ளாக முளைத்திருந்தது.

"வயித்துல எரிச்சல் ஐயா. காரம் ஆகல," என்றான் கேட்காமலே.

"மொட்டை?"

"கோலு தேவதைக்கு வேண்டுதல். தாஜ்யூ விரதம் நல்லபடியா முடியணும்னு." அண்ணனை அவன் எப்போதும் தாஜ்யூ என்றுதான் சொல்வான்.

லோஹனி தலையை ஆட்டிவிட்டு வந்தார். கல்யாணப் பெண் கமலி டீ கொண்டுவந்தாள். அவள் காதோரத்தில் ஒரு கொத்து ஹரேலா வாடியிருந்தது. வசந்த நவராத்திரிக்குக் கூடையில் விதைத்து, நவமியன்று அறுத்து, வீட்டுப் பெரியவர் எல்லார் தலையிலும் வைத்து வாழ்த்தும் மஞ்சள் முளை.

"உங்க வீட்டுல இந்த வருஷம் யார் அறுத்தது?" என்றார் லோஹனி.

"நான்தான். அப்பா இல்லையே, சித்தப்பாதான் அறுக்கணும். அவர் விடியறதுக்கு முன்னாடியே எங்கயோ போயிட்டார். அவர் தலையில வைக்கலாம்னு சாயங்காலம் வரைக்கும் ஒரு கொத்து எடுத்து வச்சிருந்தேன். 'மொட்டைத் தலையில நிக்காதுடி'ன்னுட்டுப் போயிட்டார்." அவள் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "தாத்தா, அப்பா வந்துடுவார்ல?" என்று கேட்டாள்.

லோஹனி டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் துங்கரைக் குடிலுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போகும் வழியில் கிர்தாரியின் மூளை கொதிக்கும் பாகு மாதிரிப் பொங்கியது. "ஐயா, ராத்திரி பூரா யோசிச்சேன். வெள்ளைக்காரி இல்லை. துங்கர்தான். நிலத்துக்காக அண்ணனை முடிச்சுட்டு, சந்தேகம் வராம இருக்கத் தட்டைத் தினமும் கழுவிக் கொண்டாந்திருக்கான். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுட்டான்."

"பாதி சரி," என்றார் லோஹனி.

துங்கர் ஏற்கெனவே குடில் வாசலில் நின்றிருந்தான். நாய் அவன் காலைச் சுற்றியது. அவன் மடியில் இருந்து ஒரு ரொட்டியை எடுத்துப் போட்டான்.

"இதுதான் பூசணிக்காய் தின்ன மௌனி," என்று லோஹனி கிர்தாரியிடம் சொல்லிவிட்டு வாசல் படியில் உட்கார்ந்தார். "உக்காரு துங்கர். நான் சொல்றேன், தப்பா இருந்தா திருத்து. குஷால் இந்தக் குடிலை விட்டு நடந்து போகல. நடந்திருந்தா பூட்ஸ் போயிருக்கும். தட்டுல மிச்சம் வராம போச்சே, அன்னையிலிருந்து சாப்பிட்டது இவன்." நாயைக் காட்டினார். "நீ சாப்பிட்டிருக்க முடியாது. நீதான் அடுத்தவர் கையால பொங்கினதைத் தொடறதில்லையே."

துங்கர் மடியிலிருந்து இன்னொரு ரொட்டியை எடுத்து நாய்க்குப் போட்டான்.

"கிர்தாரி நீ கொலை பண்ணினேங்கறான். கொன்னவன் தலையை மழிச்சுக்குவானா? கோலு தேவதை மணி கேட்கும், கிடா கேட்கும். அது மயிர் கேட்டதா இந்த மலையில யாரும் கேள்விப்பட்டதில்லை. நெத்தியில குங்குமம் வாங்கறதில்லை. ஹரேலா அறுக்கல, தலையிலயும் ஏத்துக்கல. உனக்கு நீயே பொங்கிக்கிறே. அண்ணன் பொண்ணுக்குக் கன்னிகாதானம் பண்ண மாட்டேங்கறே, உயிரையே வச்சிருக்கிற பொண்ணு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு சாக்குச் சொன்னே. சாக்கையெல்லாம் தள்ளிட்டுப் பார்த்தா மிச்சம் நிக்கிறது ஒரே ஒரு ஆள். கொள்ளி வச்சவன். இந்தப் பின்னாடி இருந்த விறகெல்லாம் கீழ ஓடைக்கரைக்குத்தானே போச்சு?"

காற்றில் பைன் ஊசிகள் தகரத்தில் விழுந்தன.

"ஹல்த்வானி டாக்டர் தை மாசமே சொல்லிட்டார் ஐயா," என்றான் துங்கர். "நெஞ்சுல கட்டி. தாஜ்யூ யார்கிட்டயும் சொல்லாதேன்னார். வீட்டுல இருமினா அண்ணி கண்டுபிடிச்சிடுவான்னுதான் மௌனம்னு இங்க வந்தார். கல்யாணம் வரைக்கும் தாங்கிடுவேன்னு நெனச்சார். முதல் வாரமே முடிஞ்சுபோச்சு. கடைசியா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நான் செத்தேன்னு தெரிஞ்சா ஒரு வருஷத்துக்குப் பந்தல் நிக்காது. அந்தப் பையனை எல்லைக்கு அனுப்பிடுவாங்க. அவங்க வேற பொண்ணு பாத்துடுவாங்க. செத்த சேதி காதுல விழாதவங்களுக்குத் தீட்டு இல்லைடா. நீ மட்டும் சுமந்துக்கோ'ன்னார்."

"தனியாவா தூக்கினே?"

"அன்னா அம்மா கால் பக்கம் பிடிச்சாங்க. எங்க பழக்கத்துல பொம்பளைங்க வரக் கூடாதுன்னு அவங்களுக்குத் தெரியாது. நானும் சொல்லல. வேற யார் இருக்கா? ஓடைக்கரை வரைக்கும் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி உக்காந்து உக்காந்து இறக்கினோம். விறகும் அவங்கதான் சுமந்தாங்க. மறுநாள் அழுதுக்கிட்டே ஊருக்குக் கிளம்பிட்டாங்க. பஜார்ல அவங்களைப் பத்தி என்ன பேசறாங்கன்னு எனக்குத் தெரியும். கேட்டுக்கிட்டு நிக்கிறேன் ஐயா. மறுத்துப் பேச வழியில்லாம நிக்கிறேன்."

அந்தப் பேச்சில் பாதியைத் தன் கடை வாசலில் தானே அளந்தது கிர்தாரிக்கு நினைவு வந்தது.

"கொள்ளி வச்ச அன்னைக்கும் வாய்விட்டு அழல," என்றான் துங்கர். "மேட்டுல ஆள் இருக்கும், சத்தம் கேட்டுடும்னு. வீட்டுக்குப் போனா கமலி மருதாணி அரைச்சுக்கிட்டு, 'சித்தப்பா, அப்பா சாப்பிட்டாரா?'ன்னு கேட்டா. சாப்பிட்டாருன்னேன்."

அவன் அப்போதுதான் அழுதான். திண்டில் நெற்றியை முட்டிக்கொண்டு, இத்தனை நாள் சேர்த்து வைத்ததையெல்லாம் அழுதான். லோஹனி அவன் முதுகில் கை வைக்கவில்லை. தீட்டுக் காப்பவனைத் தொடக் கூடாது என்பது அவருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் பொறுத்து, தெரிந்தும் வைத்தார்.

இறங்கும்போது கிர்தாரி கேட்டார்: "ஐயா, நமக்குத் தெரிஞ்சுபோச்சே, தீட்டு?"

"நாம பங்காளி இல்லை. நமக்கு ஒண்ணும் இல்லை. ஹன்சாகிட்ட என்ன சொல்றதுன்னுதான் தெரியல. சொன்னா அவ நெத்தியை நாமே அழிச்ச மாதிரி, கல்யாணமும் நின்னுடும். பொய் சொல்ல எனக்கு வராது. பட்வாரி வேலையில பொய் கேட்டே பழக்கம், சொல்லிப் பழக்கமில்லை."

வீட்டுக்குக் கீழே கல் மண்டபம் கட்டிய சுனையில் ஹன்சா செப்புக் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் குடத்தைத் திட்டில் வைத்தாள். லோஹனி தொண்டையைச் செருமினார்.

"ஹன்சா..."

"சொல்லாதீங்க ஐயா," என்றாள் அவள்.

லோஹனி நின்றுவிட்டார்.

"நான் உங்களைக் கண்டுபிடிக்கச் சொல்லல. உங்க கண்ணுக்கு என்ன படுதுன்னுதான் கேட்டேன். உங்க கண்ணுக்குப் பட்டா மாப்பிள்ளை வீட்டுப் புரோகிதர் கண்ணுக்கும் படும். எதை எதை மறைக்கணும்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை என் காதுல போடாதீங்க. என்கிட்ட இன்னும் யாரும் எதுவும் சொல்லல."

ஏன் இவள், என் வீட்டுக்காரரைத் தேடிக் கொடுங்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்பதை லோஹனி முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். மெதுவாகச் சொன்னார்:

"குடில் மூலையில இருக்கிற பூட்ஸை எடுத்துடு. விறகு வச்ச இடத்துல வேற விறகு அடுக்கச் சொல்லு. கன்னிகாதானத்துக்கு உன் அண்ணனைச் சோமேஷ்வர்லருந்து வரவழை. துங்கரைப் பந்தல் பக்கம் விடாதே, தொப்பியைப் போட்டு ரோட்டுல ஜீப்புக்கு வழிகாட்ட நிறுத்து. அந்த அத்தை குங்குமத் தட்டோட அவன் பக்கம் போகாம பார்த்துக்கோ."

"சரிங்க ஐயா."

"எப்பம்மா தெரிஞ்சுது?" என்று கேட்டது கிர்தாரி. கேட்டிருக்கக் கூடாதுதான். வாய் முந்திவிட்டது.

ஹன்சா குடத்தின் விளிம்பைத் துடைத்தாள். "முதல் தடவை காலித் தட்டு வந்த அன்னைக்கு. இருபது வருஷமா நான் அந்தத் தட்டைக் கழுவறேன். அப்பவும் மனசு கேக்கல. ஒருநாளாவது அந்த மனுஷன் ஒதுக்கி வச்சது திரும்பி வந்துடாதான்னுதான் தினமும் பூசணிக்காயே வச்சு அனுப்பினேன்."

அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படி ஏறினாள். மேலே பெண்கள் மங்கலப் பாட்டை ஆரம்பித்திருந்தார்கள். பாதியில் அவள் குரலும் சேர்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை பந்தல் எழுந்து நின்றது. மாப்பிள்ளை வீட்டார் கொம்பும் மேளமுமாக வந்து இறங்கினார்கள். ஹன்சா சிவப்புப் புள்ளி வைத்த மஞ்சள் மேலாடையும், கன்னம் மறைக்கும் மூக்கு வளையமும் அணிந்து, சுமங்கலிகளுக்கு முன்னால் சுமங்கலியாக நின்றாள். குஷால் எங்கே என்று சம்பந்தி கேட்டபோது, "அவர் வர்ற வழியில பேச ஆள் கிடைச்சிருக்கும்," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ரோட்டு வளைவில் தொப்பி போட்ட துங்கர், மேளச் சத்தம் வரும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

பெண்ணை ஜீப்பில் ஏற்றி அனுப்பிய பிறகு கடைசிப் பந்தி. அந்தப் பக்கத்துக் கல்யாணத்தில் பூரியும் பூசணிக்காய்க் கறியும் இல்லாமல் பந்தி கிடையாது. ஹன்சாவே வாளியோடு வந்து பரிமாறினாள். லோஹனி தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தார். கிர்தாரியால் முடியவில்லை. பூரியைத் தின்றார், தயிர்ப் பச்சடியைத் தின்றார், பூசணிக்காயை மட்டும் விரலால் தள்ளி இலைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டார்.

இலை எடுக்க வந்த ஹன்சா அதைப் பார்த்தாள். குனிந்த நிலையிலேயே நின்றாள். பிறகு அந்த இலைத் தட்டை இரண்டு கையாலும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பந்தியின் நடுவில் தரையில் உட்கார்ந்து, வீடே அதிரும்படி அழுதாள்.

பெண்ணை அனுப்பிய தாயின் அழுகை என்று எல்லாரும் நினைத்தார்கள். அத்தை வந்து, "விடுடி, அடுத்த மாசமே வந்துடப் போறா," என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள்.